பெயர் சொல்லும் முன் காலை எண்ணுங்கள்

(நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அறிவியல் கழகப் பொறுப்பாசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பூச்சிகளை இனங்காண்பதும் வகைப்படுத்துவதும் என்ற தலைப்பில் பேசும்படி தலைமையாசிரியர் எனக்குப் பணித்திருக்கிறார். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு மூன்று தாய்மார்கள் முகம் சுளித்ததைக் கவனித்தேன். பரவாயில்லை. பூச்சி என்றால் விளக்குமாற்றைத் தேடுவதுதான் நம் வீட்டு வழக்கம்.

நான் பூச்சியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்று, இந்தத் தோட்டப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். ஆகவே பெரிய பெரிய விஷயங்களுக்குள் போகமாட்டேன். இவ்வாண்டு மாவட்ட அறிவியல் விழாவில் நம் மாணவர்கள் கலந்துகொண்ட பூச்சிப் போட்டிக்கு எப்படித் தயாரானோம், அதில் என்ன கற்றோம், அது நம் பிள்ளைகளுக்கு எதற்கு உதவும் என்ற மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் போட்டியின் விதியைச் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு இரண்டு பாகம். முதல் பாகத்தில், மாணவர்கள் தாங்களே சேகரித்த 20 பூச்சிகளை ஒரு பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் சீட்டு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர், பூச்சி எந்த வரிசையைச் சேர்ந்தது, அப்படிச் சொல்ல என்ன காரணம் என்பன சீட்டில் இருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில், மேசைமேல் முன்பின் பார்த்திராத பூச்சிகளைப் போத்தல்களில் வைத்திருப்பார்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். வரிசையைச் சரியாக எழுதினால் ஒரு புள்ளி. காரணத்தைச் சரியாக எழுதினால் இரண்டு புள்ளி.

பெயருக்கு ஒன்று, காரணத்துக்கு இரண்டு என்ற இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் பிள்ளைகளுக்கோ முதலில் பிடிக்கவில்லை. "டீச்சர், பேரு தெரிஞ்சா போதாதா? காரணம் வேற எழுதணுமா?" என்று சலித்துக்கொண்டார்கள். ஏன் பெயர் மட்டும் போதாது என்பதை நம் தமிழ்ச் சொற்களை வைத்தே அவர்களுக்குக் காட்டினேன். உங்களுக்கும் காட்டுகிறேன்.

எட்டுக்கால் பூச்சி என்கிறோம். பூச்சிக்கு ஆறு கால்தான். எட்டுக் கால் என்று நாமே எண்ணிச் சொல்லிவிட்டு, அடுத்த வாயில் பூச்சி என்றும் சொல்கிறோம்! இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிர்களை வகைப்படுத்தும் முறைக்குத் தந்தை என்று போற்றப்படும் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பதிப்பில், சிலந்தியையும் தேளையும் நண்டையும்கூடப் பூச்சிக் கூட்டத்திலேயே சேர்த்திருந்தார். பின்னால் வந்தவர்கள் காலை எண்ணி, உடற்பகுதிகளை எண்ணி, அவற்றைத் தனியே பிரித்தார்கள்.

தேனீ என்கிறோம். ஈ என்று பெயரில் இருந்தாலும் அது ஈ அல்ல. ஈக்கு இரண்டே இறக்கை, தேனீக்கு நான்கு. சிள்வண்டு என்கிறோம். அந்தியில் காட்டோரம் காதைத் துளைக்கும் அந்தச் சிள்வண்டு, வண்டு இனம் அல்ல. அதன் வாயைப் பாருங்கள், சாறு உறிஞ்சும் ஊசி போல் இருக்கும். அது நாற்றப்பூச்சிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் உறவு. சுவர்க்கோழி என்கிறோம். அது கோழி இல்லை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை!

இன்னொன்று, கருவண்டு. லயத்து வீடுகளின் உத்திரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு, உஸ் என்று பறந்து வருமே, அதுதான். நம் இலக்கியங்களில் பூவில் தேன் குடிக்கும் வண்டும் இதன் கூட்டத்தைச் சேர்ந்ததே. வண்டு, வண்டு என்று சொல்லிப் பழகிய நம் பிள்ளைகள் அதை வண்டு வரிசையில்தான் எழுதினார்கள். "எண்ணிப் பாருங்கள்" என்றேன். உறை போன்ற கடினமான இறக்கை அதற்கு இல்லை. கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய இறக்கை நான்கு இருக்கிறது. அது தேனீயின் உறவு. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத் தேனீ.

பெயர் என்பது பெரியவர்கள் நமக்குக் கொடுத்த சொத்து. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் பெயரை மட்டும் நம்பினால் பூச்சியைப் பார்க்கவே மாட்டோம். கண் அதன்மேல் படும், மனம் படாது. அதனால் எங்கள் அறிவியல் கழகத்தில் ஒரு சட்டம் வைத்தோம்: பெயர் சொல்லும் முன் காலை எண்ணு, இறக்கையை எண்ணு, வாயைப் பார். இந்த மூன்றையும் செய்யாமல் யாரும் பெயர் சொல்லக் கூடாது.

இனி அந்தக் கேள்விகளை வரிசையாகச் சொல்கிறேன். இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோகும் மாணவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: கால் ஆறா? உடல் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதியா? தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு உண்டா? உண்டு என்றால் பூச்சி. சிலந்தி, தேள், பூரான், மரவட்டை எல்லாம் இந்தக் கேள்வியிலேயே வெளியே போய்விடும். ஓர் எச்சரிக்கை: கம்பளிப்பூச்சிக்கு நிறைய கால் இருப்பதுபோல் தெரியும். மார்பில் உள்ள ஆறுதான் உண்மைக் கால். பின்னால் இருப்பவை சதையால் ஆன பொய்க்கால்.

இரண்டாம் கேள்வி: இறக்கை இரண்டா, நான்கா? இரண்டே என்றால் டிப்டெரா. தமிழில் இருசிறகிகள். ஈயும் கொசுவும் இதில் அடங்கும். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல் இரண்டு சிறு குமிழ் இருக்கும். பறக்கும்போது உடலைச் சாயாமல் காப்பது அதுதான்.

மூன்றாம் கேள்வி: முன் இறக்கை கடினமான மூடிபோல் இருந்து, முதுகின் நடுவே நேர்கோடாகச் சேருகிறதா? அப்படியானால் கோலியோப்டெரா, அதாவது உண்மையான வண்டு. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் ஏறத்தாழ 10 இலட்சம். அவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு வண்டுகளே. ஆகவே போட்டியில் வண்டு அதிகமாக வருவதில் வியப்பில்லை.

நான்காம் கேள்வி: இறக்கையைத் தொட்டால் விரலில் தூள் ஒட்டுகிறதா? அது தூள் அல்ல, நுண்ணிய செதில். லெப்பிடோப்டெரா, செதிற்சிறகிகள். வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் இதில் வரும்.

ஐந்தாம் கேள்வி: வாய் ஊசிபோல் நீண்டு, மார்புக்குக் கீழே மடங்கியிருக்கிறதா? ஹெமிப்டெரா. நாற்றப்பூச்சி, சிள்வண்டு, மூட்டைப்பூச்சி எல்லாம் இதில்.

ஆறாம் கேள்வி: பின்னங்கால் தடித்து, தாவுவதற்கு ஏற்றதாக இருக்கிறதா? ஆர்த்தோப்டெரா. வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் இங்கே.

ஏழாம் கேள்வி: நான்கு மெல்லிய இறக்கையும், கிள்ளி எடுத்ததுபோல் மெலிந்த இடுப்பும் உண்டா? ஹைமினோப்டெரா. குளவி, தேனீ, எறும்பு. வேலைக்கார எறும்புக்கு இறக்கை இராது. இடுப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பெரியவர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது காலைப் பெரட்டு மாதிரிதான். இருட்டோடு எல்லாரும் ஒரே களத்தில் கூட்டமாக நிற்பார்கள். மண்டோர் வந்து, வெட்டு ஆள் இந்தப் பக்கம், உரம் போடுகிற ஆள் அந்தப் பக்கம் என்று பிரித்ததும் கூட்டம் வரிசையாகிவிடும். ஏழு கேள்வியும் அந்த மண்டோர் வேலையைத்தான் செய்கின்றன.

ஒன்று சொல்ல வேண்டும். வரிசை என்பது கல்லில் எழுதியது அல்ல. மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இறக்கை முளைத்த கறையான். பறக்கும் எறும்பிலிருந்து அதைப் பிரிக்க எளிய வழி உண்டு. ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு மெலிந்திராது. பறக்கும் எறும்புக்கு முன் இறக்கை பெரிது, இடுப்பு மெலிவு. இந்தக் கறையானுக்குப் பழைய புத்தகங்களில் ஐசோப்டெரா என்று தனி வரிசை கொடுத்திருப்பார்கள். 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு அதைக் கரப்பான்பூச்சியின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். கறையானும் கரப்பானும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்று முடிவாயிற்று! நம் நூலகத்திலுள்ள பழைய புத்தகத்தைப் படித்த மாணவனும், புதிய புத்தகத்தைப் படித்த மாணவியும் இதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிள்ளைகள் கறையானுக்காகச் சண்டை போடுவதை எத்தனை ஆசிரியர் பார்த்திருப்பார்கள்?

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் பேசுகிறேன். "பிள்ளைங்கள படிக்க வைக்காம பூச்சி புடிக்க வுட்டிருக்காங்க" என்று சிலர் குறைப்பட்டது என் காதுக்கும் வந்தது. அது நியாயமான கவலைதான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று எதை வைத்து அளப்பது எனப் பலருக்குக் குழப்பம். ஆகவே பூச்சியை இனங்காண்பதால் என்ன பயன் என்பதை இந்தத் தோட்டத்து மண்ணிலிருந்தே சொல்கிறேன்.

இன்று நம்மைச் சுற்றி நிற்கும் செம்பனை ஆப்பிரிக்கா மரம். நம் நாட்டில் முதல் வணிகத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. மரம் வந்தது; ஆனால் அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சி கூட வரவில்லை. காற்றே அந்த வேலையைச் செய்கிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். காய் பிடிப்புப் போதாமல் போனதால் மனிதக் கையால் மகரந்தம் சேர்த்தார்கள். ஆண்பூவின் தூளை எடுத்து, முகத்துக்குப் போடும் பவுடர் மாவோடு கலந்து, பெண்பூவின்மேல் ஊதிவிடும் வேலை. என் பாட்டி அந்த வேலை செய்தவர். முள் குத்திய தழும்பு அவர் முழங்கையில் கடைசிவரை இருந்தது. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களிலும் சிலர் அந்த வேலை செய்திருப்பீர்கள்.

1970-களின் இறுதியில் பாகிஸ்தானைச் சேர்ந்த இரஹ்மான் சையது என்ற பூச்சியியலார் ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டுக்குப் போய், அங்கே செம்பனைப் பூவில் என்னென்ன பூச்சி வருகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். ஒரே பூவில் ஒன்றுபோல் தோன்றும் பல இனச் சிறு வண்டுகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எவ்வளவு மகரந்தம் சுமக்கிறது, எது வேறு பயிரைத் தொடாது என்று சோதித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எலேய்டோபியஸ் கேமரூனிக்கஸ் என்பது அதன் பெயர். மூக்கு நீண்ட, எள்ளைவிடச் சற்றே பெரிய வண்டு. 1981-இல் ஜொகூர் மாநிலம் குளுவாங் வட்டாரத்தில் அதை விட்டார்கள். சிறிது காலத்திலேயே தீபகற்பம் முழுதும் பரவிவிட்டது. அதன்பின் கையால் தூள் ஊதும் வேலைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. முள்ளும் போயிற்று, அந்தக் கூலியும் போயிற்று. இரண்டையும் சேர்த்துத்தான் பாட்டி சொல்வார்.

எண்ணிப் பாருங்கள். ஒன்றுபோல் தோன்றும் வண்டுகளில் இது வேறு, அது வேறு என்று ஒருவர் பிரித்துப் பார்த்ததால் ஒரு நாட்டின் விளைச்சலே மாறிற்று. நம் மாணவர்கள் அந்த வண்டைப் பார்க்க கேமரூனுக்குப் போகவில்லை. பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் மரத்தில் பூத்திருந்த ஆண்பூவின்கீழ் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினார்கள். தாள் முழுதும் வண்டு! பூவில் சோம்பு வாசம் வந்ததையும் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த வாசத்துக்குத்தான் வண்டு வருகிறது.

இரண்டாவது, பைப்புழு. மலாயில் உலாட் புங்குஸ் என்பார்கள். செம்பனை ஓலையைத் தின்று, ஓலைத் துணுக்காலேயே பை தைத்து, அதற்குள் ஒளிந்துகொண்டு தொங்கும். 1960-களில் பல தோட்டங்களில் இது பெருகி ஓலையை எரித்ததுபோல் ஆக்கியது. மருந்து அடிக்க அடிக்கக் கூடியதே தவிரக் குறையவில்லை. பி. ஜே. வூட் என்ற பூச்சியியலார் இதை ஆராய்ந்து, செம்பனைப் பூச்சிகளைப் பற்றி 1968-இல் நூல் வெளியிட்டார். எல்லாவற்றையும் கொல்லும் கடும் மருந்து, பைக்குள் இருந்த புழுவைவிட, அந்தப் புழுவைத் தின்னும் குளவிகளையும் மற்றப் பூச்சிகளையுமே அதிகமாகக் கொன்றது என்பது அவர் கண்ட உண்மை. காவல்காரனை அடித்துவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? இப்போது தோட்டச் சாலை ஓரங்களில் மஞ்சள், வெள்ளைப் பூச்செடிகளை வரிசையாக நட்டிருக்கிறார்களே, அவை அழகுக்கு மட்டும் நட்டவை அல்ல. பைப்புழுவை அழிக்கும் சின்னக் குளவிகளுக்கு அங்கேதான் தேன் கிடைக்கிறது. குளவிகளுக்கு அது சாப்பாட்டுக் கடை.

மூன்றாவது, கொசு. ஏடிஸ் கொசுவுக்குக் காலில் வெள்ளை வளையம் இருக்கும். ஏடிஸ் எஜிப்டை என்றால் முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடு. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்றால் நடுவே ஒரே நேர்கோடு. இரண்டும் டிங்கி காய்ச்சலைப் பரப்பும், பகலில் கடிக்கும். இதை அறிந்த பிள்ளை, பூச்சாடித் தட்டில் நிற்கும் தண்ணீரை யாரும் சொல்லாமலே கொட்டிவிடும். அந்த வீட்டில் டிங்கி வருவதற்கு ஒரு வழி அடைபட்டது என்று அர்த்தம்.

இனி நம் மாணவர்கள் போட்டிக்குக் கொண்டுபோன பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மிடம் பெரிய கருவி ஒன்றும் இல்லை. பழைய கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து வலை செய்தோம். ஊறுகாய்ப் போத்தல்களைக் கழுவிக் காயவைத்தோம். விளக்கடியில் செத்துக் கிடந்தவற்றை முதலில் எடுத்தோம். உயிரோடு பிடித்தால் ஓர் இனத்துக்கு ஒன்றுக்குமேல் கொல்வதில்லை, படம் எடுத்தாலே போதும் என்றால் பறக்கவிட்டுவிடுவது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள்.

அந்த 20 பூச்சிகளில் எல்லாரையும் திணறவைத்தது இந்தப் பைப்புழுதான். பையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே வெறும் புழுபோல் ஒன்று. இறக்கை இல்லை. "டீச்சர், இதுல எதைப் போய் எண்றது?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பெரிய பைகளாகப் பார்த்துப் பத்தை எடுத்து, தனித்தனிப் போத்தலில் ஓலைத் துண்டோடு போட்டு, வாயைத் துணியால் கட்டி, வகுப்பறை சன்னலோரம் வைத்தாள். தினமும் காலையில் வந்து பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். பல நாட்கள் "ஒன்றுமில்லை" என்ற ஒரே சொல்தான் அதில் இருந்தது.

சில வாரங்கள் கழித்து மூன்று போத்தலில் சிறிய அந்துப்பூச்சிகள் வெளிவந்தன. இறகு போன்ற உணர்கொம்பு. அவை ஆண். ஆக, பைப்புழு செதிற்சிறகிகள் வரிசை என்று தெரிந்துவிட்டது. வேறு சில பைகளில் யாரும் வெளியே வரவேயில்லை. பெண் பைப்புழு முதிர்ந்த பிறகும் இறக்கை முளைக்காமல், தன் பைக்குள்ளேயே வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு மடிந்துவிடும். ஒரு போத்தலில் மட்டும் வேறு கதை. அந்துப்பூச்சிக்குப் பதிலாக, எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. புழுவுக்குள் வளர்ந்து, புழுவைத் தின்று வெளியே வந்த காவல்காரன்!

பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. குளவியையும் பெட்டியில் வைப்பது என்று முடிவாயிற்று. ஆனால் அதன் பெயர் என்ன? கைப்பேசியில் படம் எடுத்துச் செயலியில் போட்டார்கள். முதல் படத்துக்கு ஒரு பெயர் வந்தது. வேறு பக்கத்திலிருந்து எடுத்த இரண்டாம் படத்துக்கு இன்னொரு பெயர். மூன்றாவதுக்கு மூன்றாவது பெயர். போட்டிக்கு இரண்டே நாள் இருந்தது. குழுவில் இருந்த இரண்டு மாணவர்கள், "மூணுல நல்லா இருக்கிற பேரா ஒண்ணை எழுதிடுவோம். பேரு இல்லாம போனா புள்ளி போயிடும்" என்றார்கள். அந்த மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாததை நான் என் கையால எழுதமாட்டேன்" என்றாள். பேச்சு வளர்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஒரு நாள் போயிற்று. நீங்களே முடிவு செய்யுங்கள் என்று நான் விட்டுவிட்டேன். மறுநாள் சீட்டில் அவர்கள் எழுதியது இதுதான்:

"வரிசை: ஹைமினோப்டெரா. காரணம்: 4 மெல்லிய இறக்கை, மெலிந்த இடுப்பு. இனம்: எங்களுக்குத் தெரியவில்லை. பைப்புழுவின் பைக்குள்ளிருந்து வந்தது. 7-ஆம் எண் போத்தல்."

போட்டியன்று ஒரு நீதிபதி அந்தச் சீட்டின்முன் வெகுநேரம் நின்றார். "இனம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அப்புறம் இது குளவிதான் என்று மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மூவரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். மாணவி தன் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்த பக்கங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். முதற்பரிசு வேறொரு பள்ளிக்குப் போயிற்று. அவர்கள் பெட்டி உண்மையிலேயே சிறப்பாக இருந்தது. நமக்கு மூன்றாம் பரிசு. அந்தக் கேடயம்தான் இதோ மேசைமேல் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது சோம்பேறித்தனம் ஆகிவிடக் கூடாது. எதுவரை தெரியும், எதற்குமேல் தெரியவில்லை என்று கோடு போட்டுக் காட்டத் தெரிந்தவனே அப்படி எழுதலாம். அந்தக் கோட்டைப் போடுவதற்குத்தான் எண்ணுவதும் பார்ப்பதும் பத்துப் போத்தலைப் பல வாரம் காப்பதும். பிற்காலத்தில் நீங்கள் மருத்துவராகலாம், மின்சார வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம். எங்கே போனாலும் இந்தப் பழக்கம் உங்களைக் காப்பாற்றும். நோயாளியின் காய்ச்சலைப் பார்க்காமலே பெயர் சொல்லும் மருத்துவரிடம் நீங்கள் போவீர்களா?

தோட்டப் பள்ளிதானே, பட்டணத்துப் பள்ளிகளைப்போல் ஆய்வுக்கூடம் இல்லையே என்று நம்மில் சிலர் தாழ்வாக எண்ணுகிறோம். ஆல்பிரட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 14 வயதில் பள்ளியை விட்டவர். பல்கலைக்கழக வாசலை மிதித்துப் படித்தவர் அல்ல. 1855-இல் சரவாக்கில், சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் தங்கினார். பூச்சி கொண்டுவந்த டாயாக் மக்களுக்கும் சீனத் தொழிலாளர்களுக்கும் ஒரு பூச்சிக்கு ஒரு காசு கொடுத்தார். ஏறக்குறைய ஒரு சதுர மைல் நிலத்தில் ஏறத்தாழ 2,000 வகை வண்டு சேர்த்தார். உயிரினங்கள் எப்படி மாறிவந்தன என்று டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் அறிஞர் அவர். அவருக்குப் பூச்சி எடுத்துக் கொடுத்த கைகள், நம் தாத்தா பாட்டிகளைப் போன்ற தொழிலாளர்களின் கைகள். அந்தக் கைகளின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. இன்று நம் பிள்ளைகளின் பெட்டியில், பிடித்தவர் என்ற இடத்தில் அவர்கள் பெயரே இருக்கிறது. இதைவிட எனக்கு வேறு பரிசு வேண்டாம்.

பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நான்காம் ஆண்டு மாணவர்கள் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். மழை விட்ட இரவில், ஐந்தடி விளக்குக்குக் கீழே உங்கள் பிள்ளை குந்திக்கொண்டு எதையோ உற்றுப் பார்த்தால், "என்னா பூச்சியப் போய் பாத்துக்கிட்டு, உள்ள வா" என்று உடனே கூப்பிடாதீர்கள். மருந்து டப்பாவையும் எடுக்காதீர்கள். அரை மணி நேரம் விடுங்கள். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்கு எத்தனை காலு, எண்ணு பாப்போம்" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை உங்கள் பிள்ளையே உங்களுக்குச் சொல்லித் தரும்.